மின்னாளுகையும் மொழிச் சிறுபான்மையினரும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளை முன்வைத்து

0. முன்னுரை

ஓர் அரசு தன் குடிமக்களோடு எந்த மொழியில் உறவாடுகிறது என்பது நிருவாகவியலார் மட்டும் ஆராயும் பொருளன்று. விண்ணப்பம், அறிவிப்பு, ஆணை, மேல்முறையீடு ஆகிய யாவும் மொழிச் செயல்களே. தாளும் மையும் கொண்டு நடைபெற்ற இச்செயல்கள் கடந்த கால் நூற்றாண்டில் கணிப்பொறித் திரைக்கு மாறியுள்ளன. இம்மாற்றத்தால் ஆட்சி விரைவும் தெளிவும் பெறும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பு மாநிலத்தின் ஆட்சிமொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத மக்களிடத்து எவ்வாறு நிறைவேறுகிறது என்பதனை, கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் வாழும் தமிழரைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இப்பொருள் சட்டம், சொல், பெயர், ஊடகம் என்னும் நான்கு நிலைகளில் இங்கு நோக்கப்படுகிறது. கட்டுரையின் மையக் கருத்து இதுவே: மொழிச் சிறுபான்மையினருக்கு வழங்கப்பட்ட உரிமைகள் ‘இடம்’ என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டவை, மின்னாளுகையோ அலுவலகத்தை இடத்திலிருந்து பிரித்துவிடுகிறது. இவ்விரண்டிற்கும் இடையே தோன்றும் இடைவெளியில் உரிமை நழுவிவிடக்கூடும்.

1. சொல்லும் பொருளும்

‘ஆள்’ என்னும் வினையடியிலிருந்து ஆட்சி, ஆளுகை, ஆளுமை என்னும் மூன்று பெயர்கள் பிறக்கின்றன. இவற்றுள் ஆட்சி, அதிகாரம் செலுத்தும் நிலையையும், ஆளுகை, அதிகாரம் செயற்படும் முறையையும் குறிப்பன எனக் கொள்ளலாம். ஆளுமை என்பது இக்காலத் தமிழில் ஒருவரின் தன்மையைக் குறிக்கப் பெரிதும் வழங்குகிறது. எனினும் தமிழ்நாட்டு அரசு ‘மின் ஆளுமை’ என்னும் வழக்கையே மேற்கொண்டுள்ளது. இக்கட்டுரையில் ‘மின்னாளுகை’ என்னும் சொல்லே ஆளப்படுகிறது. மலையாளத்தில் இப்பொருளில் ‘பரணம்’ என்னும் வடசொல் வழங்குகிறது. ஆட்சிமொழி அங்கு ‘பரணபாஷ’ எனப்படும்.

நல்லாளுகை என்னும் கருத்து, உலக வங்கி ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றி 1989இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பின்னர்ப் பரவலாயிற்று. ஆசிய, பசிபிக் நாடுகளுக்கான ஐக்கிய நாடுகள் ஆணையம் இதற்கு எட்டுப் பண்புகளைக் கூறும். அவை பங்கேற்பு, ஒத்திசைவு, பொறுப்புடைமை, வெளிப்படைத்தன்மை, மறுமொழி தரும் இயல்பு, பயனும் சிக்கனமும், நடுநிலையும் அனைவரையும் உள்ளடக்குதலும், சட்டத்தின் ஆட்சி என்பன. இவ்வெட்டனுள் மொழி தனிப் பண்பாகச் சுட்டப்படவில்லை. ஆயினும் அறிவிப்பு புரியாதவிடத்து வெளிப்படைத்தன்மையும், கேட்க இயலாதவிடத்துப் பங்கேற்பும் பெயரளவில் நின்றுவிடும். ஆகவே மொழி எட்டுப் பண்புகளுக்கும் பொதுவான அடித்தளம் எனலாம்.

2. பகுதியும் மக்களும்

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, மூன்று வெவ்வேறு ஆட்சிகளுக்கு உட்பட்டிருந்த பகுதிகள் கேரளத்தில் ஒன்றுசேர்ந்தன. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்திலும், சித்தூர் கொச்சியிலும், தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரிலும் முன்னர் இருந்தவை. எனவே இப்பகுதி மக்களின் பழைய நில ஆவணங்களும் பள்ளிப் பதிவுகளும் ஒரே மொழியிலோ ஒரே முறையிலோ அமைந்தவை அல்ல.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். மாநில மக்கள்தொகையில் இது சுமார் 1.5 விழுக்காடு. இடுக்கி மாவட்டத்திலோ இவ்விகிதம் ஏறத்தாழ 17 விழுக்காடாகும். மாநில அளவில் சிறுத்துத் தோன்றும் எண், வட்ட அளவிலும் ஊர் அளவிலும் பெருகிவிடுவது இதனால் புலனாகும்.

பாலக்காட்டுக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடைப்பட்ட எலப்புள்ளி இவ்வகையில் கருதத்தக்க ஊராகும். அது பாலக்காடு வட்டத்தைச் சார்ந்தது. கிழக்கே செல்லச் செல்லச் சித்தூர் வட்டத்து ஊர்களும், அவற்றை அடுத்துக் கோயம்புத்தூர் மாவட்டமும் வருகின்றன. வட்ட எல்லை வரைபடத்தில் ஒரு கோடாக அமைகிறது. மொழியெல்லை அவ்வாறு அமைவதில்லை. வீட்டில் தமிழ், சந்தையில் இரு மொழியும், அலுவலகத்தில் மலையாளம் என்பது இத்தகைய எல்லையூர்களின் பொதுவான மொழிநிலை.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளவேண்டும். பேச்சில் இருமொழியம் வேறு. எழுத்தில் இருமொழியம் வேறு. எல்லைப் பகுதித் தமிழர் பலர் மலையாளத்தைத் தடையின்றிப் பேசுவர். ஆனால் தமிழ்வழிப் பள்ளியில் பயின்ற மூத்த தலைமுறையினருக்கு மலையாள எழுத்து இடர்ப்பாடு தரும்; மலையாளவழிப் பயின்ற இளைய தலைமுறையினருள் பலருக்குத் தமிழெழுத்து பழக்கமில்லை. ‘அவர்களுக்குத்தான் மலையாளம் தெரியுமே’ என்னும் கூற்று பேச்சைப் பொறுத்தவரை உண்மை. திரையைப் பொறுத்தவரை அரை உண்மையே.

3. சட்ட நிலை

இந்திய அரசமைப்பின் 350ஆவது உறுப்பு, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் ஒருவர் தம் குறையை முறையிடலாம் என்கிறது. 1956இல் செய்யப்பட்ட 7ஆவது திருத்தம், தாய்மொழியில் தொடக்கக் கல்வி பற்றிய 350-அ உறுப்பையும், மொழிச் சிறுபான்மையினருக்கான தனி அலுவலர் பற்றிய 350-ஆ உறுப்பையும் சேர்த்தது. அதே ஆண்டின் நடுவணரசுக் குறிப்பாணை, ஒரு மாவட்டத்திலோ வட்டத்திலோ நகராட்சியிலோ 15 முதல் 20 விழுக்காடு வரையுள்ள மொழிச் சிறுபான்மையினருக்கு முக்கிய அறிவிப்புகளை அவர்தம் மொழியிலும் வெளியிடவேண்டும் என வழிகாட்டியது.

கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. மலையாளமும் ஆங்கிலமும் ஆட்சிமொழிகளாக இருப்பினும், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசின் உள்ளூர் அலுவலகங்களோடும் அவ்வாறே நடத்தலாம். மறுமொழியும் அம்மொழியிலேயே அமையவேண்டும் என அது வகைசெய்கிறது. இஃது இந்திய மாநிலச் சட்டங்களுள் பாராட்டத்தக்க ஏற்பாடாகும்.

இச்சட்டத்தின் அமைப்பை நுணுகி நோக்கினால் இரண்டு வகை உரிமைகள் அதனுள் இருப்பது தெரியவரும். ஒன்று இடத்தைச் சாராதது: மாநிலத்தின் எப்பகுதியில் வாழும் தமிழரும் செயலகத்திற்குத் தமிழில் எழுதலாம். மற்றொன்று இடத்தைச் சார்ந்தது: அறிவிக்கப்பட்ட பகுதியில் ‘அமைந்த’ அலுவலகத்திற்கே அது பொருந்தும். இனி, வலைத்தளம் எங்கே அமைந்துள்ளது? விண்ணப்பிப்பவர் எலப்புள்ளியிலோ மூணாற்றிலோ இருக்கலாம். மென்பொருளை வடிவமைத்து இயக்கும் நிறுவனம் தலைநகரில் இருக்கலாம். விண்ணப்பத்தைப் பார்க்கும் அலுவலர் வேறோர் ஊரில் இருக்கலாம். ‘உள்ளூர் அலுவலகம்’ என்னும் தொடருக்கு இங்குத் தெளிவான பொருள் இல்லை.

இவ்வினாவிற்குத் தருக்க முறையில் ஒரு விடை உண்டு. ஒரு துறையின் மையத் தளம் அத்துறைத் தலைவரின் பொறுப்பில் இயங்குவது. துறைத் தலைவருக்குத் தமிழில் எழுதும் உரிமை இடத்தைச் சாராதது. எனவே மையத் தளத்தில் தமிழில் விண்ணப்பிக்கும் உரிமை குறைவதற்கு மாறாக விரிவடையவேண்டும். இவ்வாறு பொருள்கொள்ளச் சட்டத்தில் இடமிருப்பினும், அதனைத் தெளிவுபடுத்தும் ஆணை இன்றியமையாதது.

2005ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டமும் இத்தகைய முரண் ஒன்றைக் காட்டுகிறது. அரசு தானாக வெளியிடும் தகவல்கள் ‘உள்ளூர் மொழி’யைக் கருத்திற்கொண்டு அமையவேண்டும் என்கிறது அதன் 4ஆவது பிரிவு. தகவல் கேட்கும் விண்ணப்பமோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ ‘அப்பகுதியின் ஆட்சிமொழி’யிலோ இருக்கவேண்டும் என்கிறது 6ஆவது பிரிவு. உள்ளூர் மொழியும் ஆட்சிமொழியும் ஒன்றாகாத எல்லைப் பகுதியில், அரசு தமிழில் சொல்லக் கடமைப்பட்டிருக்க, குடிமகன் தமிழில் கேட்க வழி ஐயத்திற்குரியதாகிறது. சொற்களை நேரே பொருள்கொண்டால் செயலகத்திற்குத் தமிழில் எழுதும் கடிதத்திற்கு மறுமொழி உண்டு. அதே செயலகத்திடம் தமிழில் தகவல் கேட்டால் அது திருப்பப்படலாம்.

4. கேரளத்தில் மின்னாளுகை

நாட்டின் மின்னாளுகை வரலாற்றில் கேரளத்திற்குச் சிறப்பிடம் உண்டு. உள்ளாட்சி நிறுவனங்களைக் கணிப்பொறிமயமாக்க இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன் 1999இல் தொடங்கப்பெற்றது. வீட்டுக்கு ஒருவருக்கேனும் கணிப்பொறி அறிவு தரும் நோக்குடன் அக்ஷயா திட்டம் 2002இல் மலப்புறம் மாவட்டத்தில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவியது. 2012இல் சேவை பெறும் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 2022 நவம்பர் 1ஆம் நாள் மின்னணு நில மறு அளவீடு தொடங்கியது. கே-ஸ்மார்ட் என்னும் ஒருங்கிணைந்த மென்பொருள் 2024 சனவரி 1 முதல் நகராட்சிகளிலும், 2025 ஏப்ரல் முதல் ஊராட்சிகளிலும் நடைமுறைக்கு வந்தது.

இவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஒரு பிறப்புச் சான்றுக்காக ஒரு நாள் கூலியை இழந்து அலுவலகம் செல்லும் நிலை மாறியது. கோப்பு யாரிடம் உள்ளது என்பதை விண்ணப்பித்தவரே அறிய முடிகிறது. இக்கட்டுரை அந்நன்மைகளை மறுப்பதன்று. அவை மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் முதன்மையாகக் கொண்ட திரைகளின் வழியே வருவதால், தமிழர் அவற்றை முழுமையாக எய்துகின்றனரா என்பதே வினா.

5. சொல் நிலை: நெருங்கிய மொழிகளின் இடர்

தமிழும் மலையாளமும் நெருங்கிய உறவுடைய மொழிகள். ‘வருமானம்’, ‘உத்தரவு’, ‘கைவசம்’ போன்ற சொற்கள் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்குகின்றன. இதனால் மலையாளப் படிவம் தமிழருக்கு எளிதில் விளங்கும் என்னும் எண்ணம் தோன்றுகிறது. ஆனால் முற்றிலும் அறியாத சொல்லைக் காண்பவர் பிறரைக் கேட்பார். அறிந்ததுபோல் தோன்றும் சொல்லைக் காண்பவர் கேட்பதில்லை. ஆட்சித்துறையில் வழங்கும் சில சொற்களை ஒப்பிட்டுக் காணலாம்.

அவகாசம்: மலையாளத்தில் உரிமை; தமிழில் காலத் தவணை.
ரேக: மலையாளத்தில் ஆவணம், தமிழில் ‘ரேகை’ கோடு அல்லது கைரேகை.
பிழ: மலையாளத்தில் தண்டத் தொகை, தமிழில் ‘பிழை’ தவறு.
வகுப்பு: மலையாளத்தில் அரசுத் துறை, சட்டப் பிரிவு, தமிழில் பள்ளி வகுப்பு, சமூகப் பிரிவு.
தாமசம்: மலையாளத்தில் குடியிருப்பு என்னும் பொருளும் உண்டு, தமிழ்ப் பேச்சு வழக்கில் காலத்தாழ்வு மட்டுமே.
ஆதாரம்: மலையாளத்தில் நிலப் பத்திரம், தமிழில் சான்று.
கரம்: மலையாளத்தில் வரி, இக்காலத் தமிழில் கை.
போக்குவரவு: மலையாள வருவாய்த் துறை வழக்கில் நில உரிமைப் பதிவு மாற்றம், அதாவது தமிழ்நாட்டில் பட்டா மாறுதல் எனப்படுவது, தமிழில் போதலும் வருதலும்.

இவற்றுள் ‘பௌராவகாச ரேக’ என்னும் தொடர் சிறப்பாகக் கருதத்தக்கது. ஊராட்சி அலுவலகங்களில் வைக்கப்படும் குடிமக்கள் உரிமை ஆவணத்தின் பெயர் இது. எந்தச் சேவை எத்தனை நாளில் கிடைக்கும் என்பதைக் கூறும் அவ்வாவணத்தின் பெயரே தமிழருக்குக் ‘கால அவகாசம்’ பற்றியதாகத் தோன்றுமாயின், உரிமை என்னும் கருத்து முதலடியிலேயே மறைந்துவிடுகிறது. அவ்வாறே ‘ஆதாரம்’ என்னும் கட்டத்தில் நிலப் பத்திரத்தின் எண் கேட்கப்படுவதை அறியாது, ஆதார் அட்டையின் எண்ணை நினைப்பது இயல்பு. எதிரே அலுவலர் இருந்தால் ஒரு சொல்லில் தீரும் ஐயம் இது. திரையோ ‘தவறான பதிவு’ என்று மட்டுமே கூறும்.

6. பெயர் நிலை: எழுத்தும் அடையாளமும்

மின்னாளுகையில் ஒருவரை ஒருவராக அடையாளம் காட்டுவது அவர்தம் பெயரின் எழுத்து வரிசை. எழுத்தர் ஒருவர் ‘இருவரும் ஒருவரே’ என எளிதில் உணர்வார். மென்பொருள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். தமிழ்ப் பெயர் மலையாள எழுத்துக்கும் உரோமன் எழுத்துக்கும் பெயர்க்கப்படும்போது மூவகை வேறுபாடுகள் தோன்றுகின்றன.

6.1 குற்றியலுகரம்: ‘பேச்சிமுத்து’ என்னும் பெயரின் இறுதி உகரம் குற்றியலுகரம். தமிழில் அதற்குத் தனி எழுத்தில்லை. உகர எழுத்தே எழுதப்படும். மலையாளத்தில் இவ்வொலியைச் சந்திரக்கலை என்னும் குறியால் காட்டுவர். எனவே மலையாளத்தில் ஒருவர் முழு உகரமாகவும் மற்றொருவர் சந்திரக்கலையாகவும் எழுதுவர். அதிலிருந்து உரோமன் எழுத்துக்கு மாற்றுகையில் இறுதி உயிர் சிலவிடத்து நிற்கும், சிலவிடத்து மறையும். பாலக்காடு என்னும் ஊர்ப்பெயரே ஆங்கிலத்தில் இறுதி உகரமின்றி எழுதப்படுவதை ஒப்புநோக்கலாம். எலப்புள்ளியும் ஆங்கிலத்தில் பகரத்தை ஒற்றையாகவும் இரட்டையாகவும் கொண்டு இருவகையாக எழுதப்படுகிறது.

6.2 வல்லின ஒலிப்பு: ‘முருகன்’ என்பதன் ககரம் உயிரிடையில் மெலிந்தொலிக்கும். தமிழ் வழக்கினர் ஆங்கிலத்தில் ‘ஜி’ எழுத்தை இடுவர். மலையாள எழுத்தை அப்படியே பெயர்ப்போர் ‘கே’ எழுத்தை இடுவர். ‘கந்தசாமி’ என்னும் பெயரில் தகரம், சகரம் இரண்டும் இவ்வாறு வேறுபடுவதோடு, ‘சாமி’ ‘சுவாமி’யாகவும் மாறக்கூடும்.

6.3 குறியீட்டு வேறுபாடு: பார்வைக்கு ஒன்றாயிருந்தும் உள்ளே வேறாயிருக்கும் நிலை இது. ‘முருகன்’ என்பதன் இறுதி னகரத்தை மலையாளத்தில் ‘சில்லு’ எழுத்தால் எழுதுவர். 2008இல் வெளிவந்த ஒருங்குறி 5.1ஆம் பதிப்புக்கு முன்னர்ச் சில்லெழுத்து பல குறியீடுகளின் சேர்க்கையாகவும், அதன் பின்னர்த் தனிக் குறியீடாகவும் அமைந்தது. இவ்விரு வடிவங்களும் சமமானவை என ஒருங்குறித் தரம் விதிக்கவில்லை. மென்பொருளில் தனி ஏற்பாடு இல்லையெனில் பழைய பதிவின் முருகனும் புதிய பதிவின் முருகனும் கணிப்பொறிக்கு இருவேறு நபர்களே.

இவற்றோடு முன்னெழுத்து வழக்கும் சேர்கிறது. தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தைப் பெயருக்கு முன் இடுவர். திருமணத்திற்குப் பின் பெண்களின் முன்னெழுத்து கணவர் பெயருக்கு மாறுவதுண்டு. குடும்பப் பெயர் கேட்கும் படிவத்தில் இதற்கு இடமில்லை. குடும்ப அட்டையில் ஒன்றும், வங்கிக் கணக்கில் மற்றொன்றும், ஆதார் அட்டையில் வேறொன்றுமாகப் பெயர் அமைந்த மூதாட்டிக்கு ஓய்வூதியம் தடைப்படின், அதன் காரணம் வறுமைக் கணக்கோ தகுதியோ அன்று, எழுத்துப்பெயர்ப்பே.

சாதிச் சான்று வழங்குதலில் இஃது இன்னும் கடுமையாகிறது. பட்டியலினத்தவர் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் பிறப்பிக்கப்பட்டது. அக்காலத்தில் ஒருவர் குடும்பம் எம்மாநிலத்தில் நிலையாக வாழ்ந்தது என்பது சான்று வழங்குவதற்கு அடிப்படையாகிறது. இடுக்கித் தோட்டப் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் தம் முன்னோரின் பழைய பதிவுகளைக் கொண்டே இதனை மெய்ப்பிக்கவேண்டும். அப்பதிவிலுள்ள பாட்டனார் பெயரும் இன்றைய பதிவிலுள்ள பெயரும் ஒத்துவராவிடின், ஒரு மாணவரின் கல்விச் சலுகையே கேள்விக்குள்ளாகிறது.

7. ஊடக நிலை: இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்

திரையைத் தாமே பயன்படுத்த இயலாதவர் அக்ஷயா மையத்தை நாடுவர். அங்குள்ள பணியாளர் தட்டச்சு மட்டும் செய்வதில்லை. தமிழில் கேட்டு மலையாளத்தில் பதிகிறார், மலையாளத்தில் வந்த மறுமொழியைத் தமிழில் சொல்கிறார். மின்னாளுகையின் உண்மையான மொழிபெயர்ப்பு நிகழுமிடம் இதுவே. ஆனால் இம்மொழிபெயர்ப்பு எங்கும் பதிவாவதில்லை. விண்ணப்பத்தின் இறுதியிலுள்ள ‘மேற்கூறியவை உண்மை’ என்னும் உறுதிமொழி விண்ணப்பித்தவருடையது. அதிலுள்ள சொற்கள் பிறருடையவை. பிழை நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? தாள் விண்ணப்பத்தில் தம் கையெழுத்திற்கு மேலுள்ள வரிகளைப் பிறகேனும் ஒருவரிடம் காட்டிப் படித்தறியலாம். இங்கு அதற்கும் வாய்ப்புக் குறைவு.

கைப்பேசிக் குறுஞ்செய்தியாக வரும் மறுமொழியும் இத்தகையதே. ‘கூடுதல் ஆவணம் தேவை’ என்னும் செய்தி புரியாது கிடந்தால் விண்ணப்பம் முடங்கும். மேல்முறையீட்டுக்குரிய காலமும் கழியும். சேவை பெறும் உரிமையின் காலக்கெடு அரசுக்கு விதிக்கப்பட்டது. மொழி புரியாதவிடத்து அது குடிமகனுக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

8. ஒப்பீடு

இலங்கையில் 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தம், உதவி அரசாங்க அதிபர் பிரிவு என்னும் சிறு அலகில் மக்கள் விகிதத்தைக் கருதி இருமொழி நிருவாகத்தை அறிவிக்க வகைசெய்தது. பின்லாந்தின் 2003ஆம் ஆண்டு மொழிச்சட்டம், ஓர் ஊராட்சியில் சிறுபான்மை மொழியினர் 8 விழுக்காடோ 3000 பேரோ இருப்பின் அதனை இருமொழி ஊராட்சியாகக் கொள்கிறது. இரு நாடுகளும் சிறு அலகைக் கணக்கிற்கொண்டமை குறிப்பிடத்தக்கது.

கேரளத்திலேயே நல்ல முன்மாதிரிகள் உள. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ளாட்சித் தேர்தல் வாக்குச் சீட்டுகள் தமிழிலும் கன்னடத்திலும் அச்சிடப்படுகின்றன. தமிழ்வழிப் பள்ளிகளுக்கு மாநில அரசே தமிழில் பாடநூல்கள் வெளியிடுகிறது. வேட்பாளர் பெயரைத் தமிழில் எழுதித் தர இயன்ற அரசுக்கு, விண்ணப்பதாரர் பெயரைத் தமிழில் ஏற்பது இயலாததன்று.

2022இல் நடுவணரசு தொடங்கிய பாஷிணி போன்ற எந்திர மொழிபெயர்ப்பு முயற்சிகள் இதற்குத் துணைசெய்யும். எனினும் மேற்கண்ட ‘அவகாசம்’, ‘பிழ’ போன்ற சொற்களில் எந்திரம் வழுவ இடமுண்டு. படித்தறிய எந்திர மொழிபெயர்ப்பு போதுமானது. உரிமையை மறுக்கும் ஆணைக்கு மனிதர் சரிபார்த்த மொழிபெயர்ப்பு வேண்டும்.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து பின்வரும் கருத்துகளை முன்வைக்கலாம்.

1. துறைகளின் மையத் தளங்களைத் துறைத் தலைவரின் அலுவலகமாகக் கருதி, 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் தமிழ், கன்னட உரிமைகள் அவற்றிற்கும் பொருந்தும் எனத் தெளிவுபடுத்துதல் வேண்டும்.

2. மலையாள, தமிழ் ஆட்சிச் சொற்களுக்கு, குறிப்பாக ஒத்த வடிவும் வேறு பொருளும் உடையவற்றிற்கு, எல்லைப் பகுதி வழக்கை அறிந்தோர் துணையுடன் சொற்பட்டியல் ஆக்குதல் வேண்டும். தமிழ்நாட்டு ஆட்சிச் சொற்களை அப்படியே கொணர்தல் போதாது. எலப்புள்ளிக்காரருக்கும் மூணாற்றுக்காரருக்கும் பழகிய சொல் எதுவோ அதுவே முதற்கண் இடம்பெறவேண்டும்.

3. ஒருவர் தம் மொழியில் எழுதும் பெயரை மூலப் பதிவாகக் கொண்டு, பிற எழுத்து வடிவங்களை அதன் இணை வடிவங்களாக ஒரே அடையாளத்தில் சேர்த்தல் வேண்டும்.

4. அக்ஷயா மையத்தில் பதியப்படும் விண்ணப்பத்தின் தமிழ்ப் படி ஒன்றை விண்ணப்பிப்பவருக்கு வழங்குதல் வேண்டும். தமிழெழுத்து அறியாத தமிழருக்கும் எழுத்தறியாதோருக்கும் ஒலிவடிவ மறுமொழி பயன்படும்.

5. விண்ணப்பிப்பவர் விரும்பும் மொழியைப் படிவத்திலேயே கேட்டுப் பதிந்து, அவ்வெண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிடுதல் வேண்டும். யாரும் கேட்பதில்லை என்பதற்கும், கேட்க வழியில்லை என்பதற்கும் உள்ள வேறுபாடு அப்பொழுதே தெரியவரும்.

இவை தமிழுக்கு மட்டும் உரியன அல்ல. காசர்கோட்டுக் கன்னடருக்கும், எழுத்து வழக்கே இல்லாத அட்டப்பாடிப் பழங்குடி மொழியினருக்கும், தமிழ்நாட்டில் வாழும் மலையாள, தெலுங்கு, கன்னட மொழியினருக்கும் இவை பொருந்தும். கோயம்புத்தூர்ப் பகுதியில் மலையாளி ஒருவர் தமிழ்த் திரையின்முன் படும் இடரும், எலப்புள்ளியில் தமிழர் ஒருவர் மலையாளத் திரையின்முன் படும் இடரும் ஒன்றே. ஒரு மாநிலத்தின் ஆட்சிமொழி வளர்ச்சியும் சிறுபான்மை மொழியின் உரிமையும் ஒன்றையொன்று குறைப்பன அல்ல. தாளில் ஒரு மொழிக்கு இடமளிக்கச் செலவும் ஆளும் மிகுதியாக வேண்டியிருந்த காலத்திலேயே சட்டம் அவ்விடத்தை அளித்தது; இன்னொரு மொழியைச் சேர்ப்பது அன்றினும் எளிதாகிவிட்ட இக்காலத்தில் அவ்விடம் சுருங்குவதற்கு நியாயமில்லை.